மேலே போன பலூன் எங்கே போகிறது?



முன்பெல்லாம் பலூன் என்றால் திருவிழாச் சரக்கு. சித்திரைத் திருவிழா, மாசிக் களரி, எங்கள் அலங்காநல்லூரில் தை மாத ஜல்லிக்கட்டு என்று நாள் கிழமை பார்த்துக் கொள்முதல் செய்வோம். இப்போது அப்படியல்ல. கடைத் திறப்பு, காதுகுத்து, பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, கட்சிக் கூட்டம் என்று வருஷம் பூராவும் ஓடுகிற சரக்காகிவிட்டது. மளிகைக் கடைகளில்கூட மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் பலூன் அட்டை தொங்குகிறது.

அதிலும் சமீப காலமாக 'கேஸ் பலூன்' கேட்டு வருகிறார்கள். கொத்தாகக் கட்டி, சிறப்பு விருந்தினர் கையால் நூலை விடச் சொல்லி, எல்லோரும் கைதட்ட, அது கண்ணுக்கு மறைகிற வரை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பலூன் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவர் கேட்காவிட்டால் போகட்டும், விற்கிற நாமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? நம் கடையிலிருந்து போகும் சரக்கு எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்திருப்பது வியாபாரத்தின் பாலபாடம் அல்லவா?

தராசில் ஒரு கணக்கு

முதலில் அது ஏன் மேலே போகிறது என்று பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தராசு பிடிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

விழாக்களில் கட்டும் நடுத்தரப் பலூனை (11 அங்குலம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும்) பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். வெறும் ரப்பர் ஏறக்குறைய 3 கிராம். முழுதாக ஊதினால் அதில் சுமார் 14 லிட்டர் வாயு பிடிக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஆக, பலூன் அடைத்துக்கொள்ளும் இடத்தில் இருந்த காற்றின் எடை 16 கிராம். அதே இடத்தில் ஹீலியம் வாயுவை நிரப்பினால் அதன் எடை சுமார் 2 கிராம்தான். 16இல் 2 போனால் மீதி 14. அதில் ரப்பரின் எடை 3 கிராமைக் கழித்தால் நிகரம் 11 கிராம். இந்த 11 கிராம்தான் பலூனின் தூக்கு சக்தி. பத்து கிராம் ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கட்டிவிட்டால், கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு அப்படியே நிற்கும்!

இந்தச் சின்னக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

ஒரு மணி நேரப் பயணம்

பொட்டலம் இல்லாமல் விட்டால், அந்தப் பலூன் நிமிஷத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் ஏறும். கால் மணி நேரத்தில் கொடைக்கானல் உயரத்தை எட்டிவிடும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சுமார் ஐந்தரை கிலோ மீட்டர் உயரத்தில் அழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். வெளியே நெருக்குகிற கை தளர்ந்துவிட்டதால் உள்ளே இருக்கிற வாயு விரிகிறது. பலூன் உப்புகிறது. ரப்பர் மெல்லியதாகிறது. குளிரோ உறைநிலைக்கும் கீழே போய்விடுகிறது. முழுதாக ஊதிய பலூன் ஏழு, எட்டு கிலோ மீட்டர் உயரத்தை நெருங்கும்போது தாங்க முடியாமல் வெடித்துவிடும். தரையிலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அதன் ஆயுள்.

குளிரில் விறைத்து, இழுபட்ட நிலையில் வெடிப்பதால் ரப்பர் நாடா நாடாகக் கிழிகிறது. முடிச்சும் அதில் கட்டிய ரிப்பனும் அப்படியே இருக்கும். இவை எல்லாம் கீழே வந்துதான் ஆக வேண்டும்.

எல்லாப் பலூனும் வெடிப்பதில்லை. அரைகுறையாக ஊதியது வெடிக்காமல் வெகுநேரம் மிதக்கும். ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. ஹீலியம் மிக நுண்ணிய வாயு என்பதால் அந்த வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் கட்டிய பலூன் மறுநாள் காலை தரையில் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதுபோல மிதந்து, சுருங்கி, வெகுதூரம் தள்ளிப் போய் முழுசாகவே விழும்.

பளபளவென்று வெள்ளி நிறத்தில் எழுத்து வடிவில், நட்சத்திர வடிவில் வருகிற ஃபாயில் பலூன் ரப்பரே அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியம் பூசியது. அது விரியாது. மேலே போனதும் ஓரத்தில் ஒட்டு விட்டு, வாயு போய், முழுத் தாளாகக் கீழே வரும். அது மக்கவே மக்காது.

நம் ஊரில் விட்டால்?

அலங்காநல்லூரில் விடுகிற பலூன் எந்தப் பக்கம் போகும்? அது மாதத்தைப் பொறுத்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது விட்டால் மேலூர், சிவகங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். மார்கழி, தையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது உசிலம்பட்டி, தேனி, வருசநாட்டு மலைப் பக்கம். உயரே போனால் காற்று திசை மாறுவதும் உண்டு. வெடிக்கிற பலூனின் துண்டுகள் பெரும்பாலும் ஐம்பது கிலோ மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். ஆக, அவை விழுவது நம் வாடிக்கையாளர்களின் வயலிலும் கண்மாயிலும் மேய்ச்சல் நிலத்திலும்தான்.

மேய்கிற மாட்டுக்குப் புல் எது, ரிப்பன் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். நூலும் ரிப்பனும் பிளாஸ்டிக்கும் வயிற்றில் சேர்ந்து பந்தாகி, மாடு இரை எடுக்காமல் நலிந்து போவதை எந்தக் கால்நடை டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவார். பிள்ளையைப் போலக் காளை வளர்க்கிற ஊர் எங்கள் ஊர். வாடிவாசலில் நின்று விளையாட வேண்டிய காளை ஒரு முழ ரிப்பனால் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

கண்மாயிலும் ஓடையிலும் விழுந்தது மழைக்கு வைகையில் சேரும். வைகை சோழவந்தான், மதுரை, மானாமதுரை, பரமக்குடி கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. மிஞ்சிய வெள்ளம் பாக் நீரிணைக் கடலில் கலக்கிறது. அந்தக் கடற்கரைக்குச் சற்றுத் தெற்கே 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. பாக் நீரிணையில் கடற்பசு என்கிற ஆவுளியாவைக் காக்க 2022இல் தமிழக அரசு தனிப் பாதுகாப்பகம் அறிவித்தது. ஆவுளியா கடற்புல் மேய்கிற பிராணி. ஆமைக்குச் சொறி மீன் என்றால் உயிர். தண்ணீரில் மிதக்கும் கிழிந்த பலூனும் சொறி மீனும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் கடற்பறவைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பறவை விழுங்கிய குப்பைகளில் கெட்டிப் பிளாஸ்டிக்கைவிடப் பலூன் துண்டு 32 மடங்கு அதிகம் உயிரைக் குடிக்கக் கூடியது என்கிறது. காரணம் எளிது. கெட்டித் துண்டு ஒருவேளை வெளியே போய்விடும். ரப்பரோ குடலில் ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

"மக்கிப் போகும்" என்பது உண்மையா?

"இது இயற்கை ரப்பர் சார், இலைச் சருகு மாதிரி மக்கிவிடும்" என்று சரக்கு கொண்டு வருகிற பிரதிநிதிகள் சொல்வார்கள். சில பாக்கெட்டுகளில் அச்சடித்தும் இருக்கிறது. ரப்பர் மரத்துப் பாலில் செய்தது என்பது உண்மைதான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்திலிருந்து வடிக்கிற பாலுக்கும் நம் கடைக்கு வருகிற பலூனுக்கும் நடுவே கந்தகம், சாயம், இன்னும் பல ரசாயனங்கள் சேருகின்றன. அவற்றைச் சேர்ப்பதே ரப்பர் சீக்கிரம் கெட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான்! ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தார் நன்னீரிலும் கடல்நீரிலும் மட்கு உரக் குவியலிலும் பலூன்களைப் போட்டு 16 வாரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் போட்டது போட்டபடியே கிடந்தன. கட்டிய ரிப்பனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வாடிக்கையாளரிடம் "மக்கிவிடும்" என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. அரைப் படியை முழுப் படி என்று அளப்பதற்கு ஒப்பானது அது.

பதினைந்து லட்சம் பலூன்

ஒரு பலூனுக்கு இத்தனை பேச்சா என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற நகரில் 1986 செப்டம்பர் 27 அன்று ஒரு தொண்டு அமைப்பு நிதி திரட்டுவதற்காக ஏறக்குறைய 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் விட்டது. உலக சாதனை என்று கைதட்டினார்கள். ஆனால் அன்றைக்கு மழைக் காற்று வந்துவிட்டது. மேலே போக வேண்டிய பலூன்கள் வெடிக்காமல் அப்படியே திரும்பிக் கீழே இறங்கின. சாலையில் வாகனங்கள் தடுமாறின. விமான நிலைய ஓடுபாதையைச் சற்று நேரம் மூட வேண்டி வந்தது. பக்கத்து ஏரியில் காணாமல் போன இரண்டு மீனவர்களைத் தேடிப் போன மீட்புப் படையினருக்கு, தண்ணீர் பூராவும் மிதந்த பலூன்களுக்கு நடுவே மனிதத் தலை எது என்று அடையாளம் தெரியவில்லை. அந்த இருவரும் உயிருடன் கிடைக்கவில்லை. நல்ல காரியத்துக்காகக் கூட்டிய விழா வழக்கில் போய் முடிந்தது.

இதையெல்லாம் பார்த்துத்தான் பல இடங்களில் சட்டமே வந்துவிட்டது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து வேண்டுமென்று பலூன் பறக்க விடுவதைத் தடை செய்துள்ளது.

முகவரியோடு போகும் பலூன்

பறக்க விட்டே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் வானிலைத் துறையார் கருவி கட்டிய பெரிய பலூனை விடுகிறார்கள். அது 25, 30 கிலோ மீட்டர் உயரம் வரை போய், வெப்பம், ஈரம், காற்றின் வேகம் இவற்றை ரேடியோ மூலம் சொல்லிவிட்டு வெடித்துவிடும். புயல் எச்சரிக்கை நமக்குக் கிடைப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஐதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் இன்னும் பிரம்மாண்டமான பிளாஸ்டிக் பலூன்களை விடுகிறார்கள். 2005இல் அவர்கள் விட்ட ஒரு பலூன் 41 கிலோ மீட்டர் வரை போய்க் காற்று மாதிரி எடுத்து வந்தது. அதில் அதுவரை அறியப்படாத பாக்டீரியா வகைகள் இருந்ததாக 2009இல் இஸ்ரோ அறிவித்தது. 2025 ஜனவரியில் அவர்களுடைய பலூன் ஒன்று கர்நாடகத்தில் பீதர் மாவட்டம் ஜலசங்கி கிராமத்தில் கருவியோடு வந்து இறங்கியபோது ஊர் மக்கள் பயந்துவிட்டார்கள். அதில் கன்னடத்திலேயே ஒரு கடிதம் கட்டியிருந்தது. இது இன்னாருடையது, இன்னாருக்குத் தகவல் கொடுங்கள் என்று. விட்டவர்கள் வந்து பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

2025 ஜனவரியில் எங்கள் பக்கமே, கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கில், சுற்றுலாத் துறை பலூன் விழா நடத்தியது. அவை சூடான காற்றில் எழும்புகிறவை. ஆளோடு போய் ஆளோடு இறங்குகிறவை.

லாரி ரசீதோடு போகிற சரக்கு எங்கே போனாலும் கணக்கில் இருக்கும். விழாவில் விடுகிற பலூனுக்கு ரசீதும் இல்லை, முகவரியும் இல்லை. விழுந்த இடத்துக்காரர் தலையில்தான் அந்தச் செலவு.

உள்ளே இருப்பது ஹீலியம்தானா?

இதுவரை ஹீலியம் என்றே சொல்லி வந்தேன். நம் ஊரில் விற்கும் கேஸ் பலூன் எல்லாவற்றிலும் ஹீலியம்தான் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இதுதான் வியாபாரிக்கு மிக முக்கியமானது.

ஹீலியம் தீப்பிடிக்காது. ஆனால் விலை அதிகம். நம் நாட்டுத் தேவை ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது. ஆகவே பலர் ஹைட்ரஜனை நிரப்புகிறார்கள். பழைய உருளையில் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டும் தண்ணீரும் போட்டுத் தாங்களே தயாரிக்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் தூக்கு சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பறப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹைட்ரஜனுக்கு ஒரு சின்னப் பொறி போதும். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஓர் அரசியல் விழாவில் பறக்க விட வைத்திருந்த பலூன் கொத்து, பக்கத்தில் வெடித்த பட்டாசால் தீப்பிடித்து, நின்றவர்கள் பலர் கருகிக் காயம்பட்டார்கள். 2022 அக்டோபரில் திருச்சி கோட்டை வாசல் அருகே ஜவுளி எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவில் பலூன் வியாபாரியின் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். இத்தகைய உருளை எந்தக் கடை வாசலில் நிற்கிறதோ அந்தக் கடைக்காரருக்கும் ஆபத்து, கடைக்கும் ஆபத்து.

ஹீலியத்துக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்டு 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தை ஆராய, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூருக்கு ஜான்சென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சன் பார்த்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற பொருள் இருப்பதை உலகுக்குச் சொன்னது. பூமியில் அது மிக அரிது. இரண்டு லட்சம் லிட்டர் காற்றில் ஒரு லிட்டர்தான் ஹீலியம். பூமிக்கு அடியிலிருந்து இயற்கை எரிவாயுவோடு கொஞ்சம் கிடைக்கிறது. ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தைக் குளிர்விக்க அதே ஹீலியம்தான் வேண்டும். பலூன் வெடித்ததும் வெளியேறும் ஹீலியம் காற்றில் கலந்து, காலப்போக்கில் பூமியை விட்டே போய்விடும். திரும்பப் பிடிக்க முடியாது. இருப்பு குறைந்தால் மீண்டும் கொள்முதல் செய்ய முடியாத சரக்கு அது.

நாம் செய்யக் கூடியது

பலூன் விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் முகம் மலர்கிற சரக்கு அது. விற்கிற முறையைத்தான் சற்று மாற்றச் சொல்கிறேன்.

1. கேஸ் பலூன் கேட்பவருக்கு, கட்டி வைக்க ஓர் எடையும் சேர்த்துக் கொடுங்கள். நான் சொன்ன 11 கிராம் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். பலூனுக்கு 15 கிராம் எடை இருந்தால் போதும், எங்கும் போகாது. பத்துப் பலூன் கொத்துக்கு 150 கிராம். மணல் பொட்டலமோ, மிட்டாய்ப் பொட்டலமோ போதும். அதற்குத் தனியாக விலையும் வைக்கலாம்.

2. அலங்காரத்துக்கு வாயில் ஊதிய பலூனே போதும் என்று எடுத்துச் சொல்லுங்கள். வளைவு, தோரணம் எல்லாம் சாதாரணக் காற்றிலேயே அழகாக நிற்கும். வாடிக்கையாளருக்கும் செலவு மிச்சம்.

3. சிலிண்டர் வாங்கினால் எந்த வாயு என்று எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரில் வாயு நிரப்புவதற்கும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பு வைப்பதற்கும் 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளின்படி உரிமம் வேண்டும். தாமே வாயு தயாரிக்கிறவரைக் கடை வாசலில் நிற்க விடாதீர்கள்.

4. ஃபாயில் பலூனை வெளியில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். மின்கம்பியில் பட்டால் அலுமினியப் பூச்சு வழியே மின்சாரம் பாய்ந்து கோளாறு உண்டாகும்.

5. பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு மூலையில் கிடந்தால்கூடச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். காகிதக் குச்சி கிடைக்கிறது.

6. ரிப்பனுக்குப் பதில் பருத்தி நூல் கொடுங்கள். விழா முடிந்ததும் நூலை அவிழ்த்து, பலூனை உடைத்துக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மே 5 வணிகர் தினத்துக்கும், கிளைச் சங்க ஆண்டுவிழாக்களுக்கும் பலூன் பறக்க விடுகிற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. நம் சங்கக் கொடியை ஏற்றினால் போதாதா? வாழை மரமும் மாவிலைத் தோரணமும் கட்டினால் விழா களைகட்டாதா? அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டு வரலாம் என்பது என் கருத்து. நம் விழாவில் நாம் விடாமல் இருந்தால்தான் வாடிக்கையாளரிடம் "விட வேண்டாம்" என்று சொல்ல நமக்கு வாய் இருக்கும். ஊருக்கு உபதேசம் என்று யாரும் நம்மைச் சொல்லிவிடக் கூடாது அல்லவா?

கிளைச் சங்க நிர்வாகிகள் தங்கள் கருத்தைப் பொதுக்குழுவுக்கு முன்பே ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.